முளைவிடும் குடில்: தானியப் புல், களிமண், வைக்கோல் கொண்டு வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில்

டிசம்பர் பிறந்துவிட்டால் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள், பிளாஸ்டிக் புல் விரிப்பு, தெர்மாகோல் மலை எல்லாம் கடைத்தெருவில் வந்து குவிந்துவிடும். வாங்கி வந்தால் ஒரு மாலைப் பொழுதில் குடில் தயார். இங்கே எழுதுவது அதைவிட நெடிய வேலையைப் பற்றி. புல்லை வீட்டிலேயே முளைக்கவைத்து, மலையைக் களிமண்ணால் பூசி, பாலன் படுக்கும் தீவனத் தொட்டிக்கு வைக்கோலை ஒவ்வொரு தாளாகச் சேர்த்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமான திருவருகைக் காலம் முழுக்க வீட்டார் எல்லாரும் கை வைக்கும் குடில் இது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வீடுகளில் கேழ்வரகோ நெல்லோ முளைக்கவைத்துக் குடிலில் வைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அளவையும் நாள் கணக்கையும் யாரும் எழுதிவைப்பதில்லை. பெரியவர்கள் சொன்னபடி நடக்கும். ஒரு வருடம் செழிப்பாக வரும், மறுவருடம் பூஞ்சணம் பிடித்து நாறும். அதற்காகவே இந்தக் கணக்கு.

இவ்வளவு மெனக்கெட ஒரே ஒரு காரணம்தான். மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் விதைக்கிறவன் இரவில் தூங்குகிறான், பகலில் எழுந்திருக்கிறான். விதை முளைத்து வளர்கிறது, எப்படியென்று அவனுக்கே தெரியாது. ஈரத் துணிக்குள் கேழ்வரகைக் கட்டிவைத்து, மறுநாள் காலையில் அவிழ்த்து, நுனியில் வெள்ளையாக எட்டிப் பார்க்கும் முளையைக் கண்ட பிள்ளைக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதே இல்லை. ஊறவைப்பதும் தண்ணீர் தெளிப்பதும் நம் வேலை. முளைப்பிப்பது ஆண்டவர். இது கண்ணெதிரே நடக்கிற வீட்டில் நன்றி செபம் மனப்பாடமாக நின்றுவிடாது.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 4 அடி நீளம், 3 அடி அகலம் உள்ள பலகையில், 6 அங்குலச் சுரூபங்கள் (பொம்மைகள்) வைக்கும் குடிலுக்கானவை.

எந்தத் தானியம், எவ்வளவு, எப்போது

இந்தப் பலகையில் மலையும் குடிசையும் போக, புல்லுக்கு 5 சதுர அடி கிடைக்கும். ஒரு சதுர அடித் தட்டுகளாக ஐந்து தயார் செய்தால் போதும். ஒரே தானியத்தை ஐந்திலும் போட்டால் எல்லாம் ஒரே உயரத்தில் நின்று செயற்கையாகத் தெரியும். கேழ்வரகு இரண்டு தட்டு, நெல் ஒன்று, கோதுமை ஒன்று, கடுகும் வெந்தயமும் பாதிப் பாதியாக ஒன்று என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கேழ்வரகுதான் குடிலுக்கு ஏற்ற புல். இலை மெலிது, விதைத்த பத்து நாளில் 4 முதல் 5 செ.மீ. வரும், 6 அங்குல இடையருக்கு அது முழங்கால் உயரம். சதுர அடிக்கு 25 முதல் 30 கிராம் விதை. இதற்கு மேல் போட்டால் அடியில் காற்றோட்டம் இல்லாமல் அழுகும். கோதுமைக்கு 150 முதல் 200 கிராம். அது வேகமாக வளரும்; பத்து நாள் விட்டால் சூசையப்பர் தலைக்கு எட்டிவிடும். ஆகவே கடைசியில் விதைக்க வேண்டும், மலையின் பின்பக்கத்தில் வைக்க வேண்டும். உயரம் மிஞ்சினால் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். புல் இனத்துக்கு வளரும் குருத்து அடியில் இருப்பதால் வெட்டிய பிறகும் மேலே வரும். நெல்லுக்கு 100 கிராம். அது மெதுவாக எழும், ஆனால் நாற்றங்கால் போட்டது போன்ற அழகு வேறெதிலும் கிடைக்காது. கடுகும் வெந்தயமும் அகன்ற இலைக்காக. மலையடிவாரப் புதர் அவைதான். பாதித் தட்டுக்குக் கடுகு 5 கிராம், வெந்தயம் 20 கிராம்.

கடையில் அரிசியாக விற்கும் சாமை, தினை, வரகு எதுவும் முளைக்காது. உமி நீக்கும்போதே முளைக்கரு அடிபட்டிருக்கும். கேழ்வரகும் வெந்தயமும் மளிகைக் கடையில் வாங்கியதே பெரும்பாலும் முளைக்கும். நெல்லுக்கு மட்டும் விதைநெல்லாகக் கேட்டு வாங்குங்கள். மருந்து கலந்து நிறமேற்றிய விதையை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். பிள்ளைகள் கையால் அளைவார்கள், முடிவில் புல் ஆடுமாடுகளுக்குப் போகும்.

நவம்பர் கடைசியிலேயே முளைப்புச் சோதனை செய்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் 100 மணிகளை எண்ணி, ஈரத்துணியில் சுருட்டி மூன்று நாள் வையுங்கள். நெல்லுக்கு மட்டும் இன்னும் இரண்டு நாள். 80க்கு மேல் முளைத்தால் மேற்சொன்ன அளவு சரி. 60 என்றால் வேறு கடையில் வாங்குவதே மேல். முளைக்காத மணிகள் தட்டிலேயே கிடந்து மட்கும். பூஞ்சணத்துக்கு அவைதான் முதல் இடம்.

நாள் கணக்கு சமவெளிக்கு இப்படி: நெல்லை டிசம்பர் 10 அன்று ஊறப்போட்டு 12இல் விதைக்க வேண்டும். கேழ்வரகை 12இல் ஊறப்போட்டு 14இல் விதைக்க வேண்டும். கடுகும் வெந்தயமும் 17. கோதுமையை 15 இரவு ஊறப்போட்டு 17இல் விதைத்தால் 24 மாலையில் ஏழெட்டு செ.மீ. நிற்கும். கொடைக்கானல், நீலகிரி போன்ற குளிர்ந்த ஊர்களில் ஒவ்வொன்றையும் நாலைந்து நாள் முன்தள்ளிக்கொள்ளுங்கள்.

பிரான்சின் தென்பகுதியான புரோவான்சில் டிசம்பர் 4, புனித பார்பரா திருநாளன்று கோதுமையைத் தட்டுகளில் விதைப்பார்கள். குரோவாசியாவில் டிசம்பர் 13, புனித லூசியா திருநாளில். இரண்டும் கிறிஸ்துமஸ் அன்று பச்சையாக நிற்பதற்கே. அந்த ஊர்க் குளிருக்கு அந்த நாள் சரி. நம் ஊர் வெயிலில் 4ஆம் தேதி விதைத்த கோதுமை 24ஆம் தேதிக்குள் தலைசாய்ந்து மஞ்சளாகிவிடும். தேதி மாறினாலும், பாலனுக்கு முன்னால் வைக்க உயிருள்ள ஒரு பயிர் வேண்டும் என்று எங்கெங்கோ இருக்கிற குடும்பங்கள் ஒன்றுபோல நினைத்திருப்பது மனதை நிறைக்கிறது.

முளைகட்டுவதும் விதைப்பதும்

கேழ்வரகை மூன்று தண்ணீரில் அலசி, மிதப்பதை அள்ளிக் கொட்டிவிடுங்கள். 8 மணி நேரம் ஊறட்டும். தண்ணீரை முழுக்க வடித்துப் பழைய வேட்டித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு நாளில் நுனியில் 1 மி.மீ. வெள்ளை தெரியும். அதுதான் விதைக்கும் பருவம். 3 மி.மீ. தாண்டினால் முளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பிரிக்கும்போது ஒடியும். நெல்லுக்கு 24 மணி நேர ஊறல், பிறகு 24 முதல் 36 மணி நேரக் கட்டு. கோதுமைக்கு ஓர் இரவு ஊறல், ஒரு நாள் கட்டு. கடுகையும் வெந்தயத்தையும் கட்டவே வேண்டாம். கொழகொழப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். உலர்ந்தபடியே தூவிவிடலாம்.

தட்டுக்குப் பழப்பெட்டி மூடி, பழைய பிளாஸ்டிக் தாம்பாளம், தகர மூடி எதுவும் ஆகும். அடியில் 7, 8 செ.மீ. இடைவெளிக்கு ஒன்றாக 4 மி.மீ. துளைகள் கட்டாயம். எவர்சில்வர் தட்டில் துளையில்லாமல் விதைப்பவர்களுக்கு ஐந்தாம் நாளே நாற்றம் வரும். தென்னைநார்க் கழிவு மூன்று பங்கு, சலித்த மக்கிய எரு ஒரு பங்கு கலந்து 2.5 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். ஐந்து தட்டுக்கு உலர்ந்த நார்க்கழிவுக் கட்டி 1 கிலோ போதும். ஊறினால் பல மடங்கு பெருகும். ஊறியதை ஒரு துணியில் போட்டு இரண்டு முறை அலசிப் பிழிவது முக்கியம். அதில் உப்பு இருக்கும். அலசாமல் விட்டால் இலைநுனி கருகி நிற்கும், காரணம் தெரியாமல் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போவோம்.

முளைகட்டிய கேழ்வரகோடு அதே அளவு உலர்ந்த மணல் கலந்து தூவினால் திட்டுத்திட்டாக விழாது. உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி, நனைத்த செய்தித்தாளால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம். உள்ளே வெக்கை கட்டும். 36 முதல் 48 மணி நேரத்தில் முளைகள் தாளைத் தூக்கிக்கொண்டு எழும். தாளை எடுக்கும் வேலையை வீட்டில் இருக்கும் கடைக்குட்டிக்குக் கொடுங்கள். ஈரத் தாளையே தலையால் முட்டித் தூக்கி நிற்கும் அந்த வெளிறிய முளைகளை முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

எழுந்த முளை மஞ்சளாகத்தான் இருக்கும். ஒரு நாள் வெளிச்சம் பட்டால் பச்சை ஏறிவிடும். கிழக்குப் பார்த்த சன்னலோ திண்ணையோ நல்லது, உச்சி வெயில் வேண்டாம். புல் வெளிச்சத்தை நோக்கிச் சாயும் என்பதால் தினமும் தட்டை அரைச் சுற்று திருப்பிவையுங்கள். முதல் நாலு நாள் தெளிப்பானால் தண்ணீர். அதன் பிறகு மேலிருந்து தெளிக்காதீர்கள். அகன்ற தாம்பாளத்தில் 1 செ.மீ. தண்ணீர் விட்டு, விதைத்த தட்டை அதில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, நன்றாக வடியவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும்.

மூன்றாம் நாள் வாக்கில் வேரடியில் வெள்ளைப் பஞ்சாக ஏதோ தெரியும். பலர் பூஞ்சணம் என்று பயந்து தட்டையே கொட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வேர்த்தூவி, வேரில் முளைக்கும் நுண்ணிய மயிர். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: வேர்த்தூவி படிந்து மறையும், பூஞ்சணம் அப்படியே நிற்கும். வேர்த்தூவி ஒவ்வொரு வேரையும் சுற்றி ஒரே சீராக இருக்கும். பூஞ்சணம் ஒரு மூலையில் சிலந்திவலை கட்டி விதைக்கு விதை தாவும், முடைநாற்றமும் வரும். உண்மையிலேயே பூஞ்சணம் என்றால் அந்த இடத்தைக் கரண்டியால் தோண்டி எடுத்துவிட்டு, மின்விசிறிக் காற்று படும் இடத்துக்கு மாற்றி, ஒரு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். அடைமழை நாட்களில் இது அதிகம் வரும்.

எறும்பு கேழ்வரகை ஓர் இரவில் வரிசையாகத் தூக்கிப் போய்விடும். தட்டை நாலு செங்கல் துண்டின் மேல் ஏற்றி, செங்கற்களைத் தண்ணீர் விட்ட தாம்பாளத்தில் நிறுத்துங்கள். எலிக்குக் கோதுமையும் நெல்லும் பிடிக்கும். இரவில் கம்பிக்கூடையைக் கவிழ்த்து மேலே கல் வையுங்கள்.

மலை

தெர்மாகோலை விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து. படைப்பை ஆண்டவரின் கொடையாகக் கொண்டாடும் இடத்தில், ஜனவரியில் குப்பைமேட்டுக்குப் போய் மட்காமல் கிடக்கும் ஒன்றை வைப்பது பொருந்தவில்லை.

அட்டைப்பெட்டிகளையும் செங்கற்களையும் அடுக்கி மலையின் உருவத்தை எழுப்புங்கள். மேலே போர்த்த இரண்டு சணல் சாக்கு. பூச்சுக்குக் களிமண் 6 கிலோ, ஆற்றுமணல் 3 கிலோ, 2, 3 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் கால் கிலோ, புதுச் சாணம் 1 கிலோ. களிமண்ணை முதல் நாளே ஊறவைத்து மிதித்துக் குழைக்க வேண்டும். இது பிள்ளைகளின் கால்களுக்கு ஏற்ற வேலை. முதல் பூச்சுக்குத் தோசைமாவுப் பதத்தில் கரைத்துச் சாக்கை முக்கி எடுத்துப் போர்த்தி, மடிப்புகளைக் கையால் பாறைபோல் நீவிவிடுங்கள். இரண்டு நாள் நிழலில் காயட்டும். பிறகு கெட்டியாகக் குழைத்ததை அரை செ.மீ. கனத்துக்கு அப்புங்கள். டிசம்பர் மழையில் இரண்டாம் பூச்சு காய நாலைந்து நாள் பிடிக்கும், ஆகையால் 8ஆம் தேதி மாதாவின் அமல உற்பவத் திருநாளுக்குள் முதல் பூச்சை முடித்துவிடுவது நல்லது.

வெடிப்பு வருவது களிமண் அதிகமானாலும் வெயிலில் வேகமாகக் காய்ந்தாலும்தான். மணலும் வைக்கோலும் அதைத் தடுக்கத்தான் சேர்க்கிறோம். மயிரிழை வெடிப்பை அப்படியே விடுங்கள், பாறைக்கு அழகு. விரல் நுழையும் வெடிப்பென்றால் ஓரங்களை நனைத்துவிட்டு அதே கலவையால் அடையுங்கள். நனைக்காமல் பூசினால் காய்ந்ததும் உதிரும். மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காகித மலை ஒட்டுவார்கள் சிலர். துத்தம் நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் வேலைக்கு ஆகாது. துத்தம் போடாத மைதாவோ கரப்பானையும் எலியையும் வரவழைக்கும்.

மலையடிவாரத்துக்குப் பாசி வேண்டுமென்றால் கிணற்றடியிலும் மதில் சுவரிலும் மழை தந்திருப்பதே போதும். தட்டையான கொத்தனார் கரண்டியால் அடிமண்ணோடு சீவி எடுங்கள். மலைக்காட்டுப் பாறைகளில் உரித்து விற்கும் பாசியை வாங்காதீர்கள். அது ஏறிப் படர வருடங்கள் ஆகும். உப்புத் தண்ணீர் பட்டால் பாசி வெளுத்துப்போகும், ஆகவே ஒரு பாட்டில் மழைத்தண்ணீர் பிடித்துவைத்துத் தெளியுங்கள்.

குடிசை

வாசல் உயரம் நிற்கும் சுரூபத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும்: 6 அங்குலச் சுரூபத்துக்கு 9 அங்குலம். அகலம் 18, ஆழம் 10 அங்குலம். 1 செ.மீ. கனமுள்ள மூங்கில் குச்சிகளைக் கால்களாக நட்டு, சணல் நூலால் கட்டுங்கள். பனையோலையை இரண்டு மணி நேரம் தண்ணீரில் போட்டுப் பிறகு கிழித்தால் வெடிக்காது. கூரையை ஓரத்திலிருந்து உச்சி நோக்கி மேய வேண்டும்; மேல் வரிசை கீழ் வரிசையை மூன்றில் ஒரு பங்கு மூட வேண்டும். மூன்று வரிசை போதும். வைக்கோலைக் குடிலில் போடுமுன் இரண்டு நாள் வெயிலில் உதறிக் காயவைத்தால் பூச்சி போய்விடும்.

தீவனத் தொட்டியும் வைக்கோல் தாளும்

குடிலில் எல்லாவற்றையும்விட நேரம் கொடுத்துச் செய்ய வேண்டியது இதுதான். பழைய பெட்டிப் பலகையில் 10 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 3 செ.மீ. ஆழம் உள்ள தொட்டி ஒன்றைத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்குள் செய்துவிடுங்கள். ஆணிக்குப் பதில் துளையிட்டு ஈர்க்குக்குச்சி அடித்தால் பலகை பிளக்காது. தொட்டி காலியாகவே செபம் சொல்லும் இடத்தில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு டம்ளரில் 9 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய வைக்கோல் தாள்கள்.

நற்செயல் ஒன்று செய்தால் ஒரு தாள் போடுவது பல நாடுகளில் உள்ள பழைய திருவருகைக்கால வழக்கம். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு சிக்கல் வருகிறது: "நான் இன்னிக்கு மூணு செஞ்சேன், அவன் ஒண்ணுதான்" என்று கணக்குத் தொடங்கிவிடும். அதைத் திருப்பிப் போடுங்கள். இரவு செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் அன்று வீட்டில் இன்னொருவர் தனக்குச் செய்த ஒன்றைச் சொல்லி நன்றி கூறி ஒரே ஒரு தாள் போட வேண்டும். செய்தவர் பேசக்கூடாது, நன்றி பெற்றுக்கொள்ள மட்டும்தான். "அம்மா என் சட்டைப் பித்தானைத் தச்சுக் குடுத்தாங்க." "தாத்தா மழையில குடை கொண்டுவந்தார்." இவ்வளவுதான். ஒருவர் பெயரே மூன்று நாள் வரவில்லை என்றால் நாலாம் நாள் எல்லாருக்கும் அது உறுத்தும். யாரும் சொல்லாமலே கண்கள் அவரைத் தேடத் தொடங்கும். பெரும்பாலும் அது சமையலறையில் நிற்பவராகவோ, படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவராகவோ இருக்கும்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் திருவருகைக் காலம் முடிய 110 முதல் 140 தாள் சேரும். மேலே சொன்ன தொட்டிக்கு அது மெத்தையாகவும் இருக்கும், வழியவும் வழியாது. வீட்டில் ஆள் கூடுதல் என்றால் தொட்டியின் அகலத்தை 8 செ.மீ. ஆக்குங்கள். தாள்களை ஈரக் கையால் தொடக்கூடாது; ஈரமான வைக்கோல் தொட்டிக்குள் அடைபட்டால் கறுத்துவிடும்.

லூக்கா எழுதும்போது தொட்டியைச் சொல்கிறார், மாட்டையும் கழுதையையும் சொல்லவில்லை. அவை எசாயா முதல் அதிகாரத்திலிருந்து குடிலுக்குள் வந்தவை: காளை தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவனின் தீவனத் தொட்டியை அறியும் என்ற இடம். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைத்த குடிலில் உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன, வைக்கோலும் உண்மையானது. அந்த வைக்கோலைப் பத்திரப்படுத்தி, நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தபோது அவை குணமடைந்ததாக அவருடைய வாழ்க்கையை முதலில் எழுதிய செலானோ தோமா குறித்திருக்கிறார்.

சுரூபங்களைச் செப்பனிடுதல்

ஒடிந்த காலுக்காக ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். சுடுமண் பொம்மையென்றால் ஒடிந்த இரு முகங்களிலும் 2 மி.மீ. துளையிட்டு, கம்பித் துண்டு ஒன்றைச் செருகி, எம்-சீல் போன்ற இருகூட்டுப் பசையைச் சம அளவாகப் பிசைந்து ஒட்டுங்கள். பிசைந்த சில நிமிடங்களுக்குள் வடிவம் பிடித்துவிட வேண்டும். ஈரவிரலால் நீவினால் மழமழப்பாக வரும். மறுநாள் உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் பூசலாம். பிளாஸ்டர் சுரூபத்தில் சில்லு பெயர்ந்த இடத்துக்குச் சாக்பீஸ் தூளோடு ஃபெவிகால் குழைத்துப் பூசினால் போதும். ஒரே தடவையில் கனமாக அப்பாமல் இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் போட்டால் சுருங்கிக் குழி விழாது.

பிளாஸ்டர் சுரூபங்களை ஈரப் புல்லின் மேல் நேராக நிறுத்தினால் அடி ஊறி வண்ணம் உரியும். ஒவ்வொன்றின் அடியிலும் உடைந்த ஓட்டுச் சில்லோ கடப்பாக்கல் துண்டோ வைத்து, சுற்றிலும் மணல் தூவி மறையுங்கள்.

விளக்கும் தண்ணீரும்

இந்தக் குடிலில் ஈரம் உண்டு, வைக்கோலும் உண்டு. இரண்டையும் மனதில் வைத்தே விளக்குப் போட வேண்டும். நேரடியாக 230 வோல்ட்டில் செருகும் மலிவான சீரியல் செட் இதற்கு ஆகாது. தோல் உரிந்த ஒயர் ஈர மண்ணில் பட்டால் ஆபத்து. 5 வோல்ட் யு.எஸ்.பி. விளக்குச் சரமோ 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் எல்.இ.டி. சரமோ வாங்குங்கள். அடாப்டர் பலகைக்கு வெளியே, தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர் தெளிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மெழுகுவர்த்தி குடிலுக்குள் வேண்டவே வேண்டாம். மூன்றடி தள்ளித் தனி மேசையில் ஏற்றலாம்.

குளத்துக்குக் கண்ணாடிக்குப் பதில் மண் சட்டியில் தண்ணீர் வைப்பவர்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். டெங்குக் கொசுவுக்கு ஒரு சட்டித் தண்ணீரே போதும்.

24 மாலையிலிருந்து

தட்டோடு புல்லை வைக்க வேண்டாம். வேர்கள் பின்னி ஒரு விரிப்பாகியிருக்கும். கத்தியால் ஓரத்தை விடுவித்து அப்படியே தூக்கலாம். அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, புல்விரிப்பைக் கையால் கிழித்து ஒழுங்கில்லாத துண்டுகளாகப் பொருத்துங்கள். நேராக வெட்டினால் இணைப்பு தெரியும். தூக்கிய பிறகு தெளிப்பானால் மட்டும் தண்ணீர். வெளிச்சம் குறைந்த கூடத்தில் புல் ஆறேழு நாள் பச்சையாக நிற்கும், பிறகு வெளிறும். அடுத்த சுற்றுக்குக் கேழ்வரகை 20ஆம் தேதி ஒருமுறை ஊறப்போட்டு வைத்திருந்தால் புத்தாண்டுக்கு மாற்றிவிடலாம்.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் பாலனைத் தொட்டியில் கிடத்துங்கள். எங்கள் எண்ணத்தில் அதைச் செய்ய வேண்டியவர் வீட்டில் மூத்தவர்; பிள்ளைகள் வழிவிட்டு நிற்கட்டும். மூன்று ராஜாக்கள் அப்போது பலகையின் எதிர்மூலையில் இருப்பார்கள். 120 செ.மீ. தூரம், திருக்காட்சித் திருநாள் வரை 13 நாள். நாளுக்கு 9 செ.மீ. நகர்த்தினால் ஜனவரி 6 அன்று தொட்டியருகே வந்துவிடுவார்கள். அதையொட்டிய ஞாயிறன்று கொண்டாடும் பங்குக் கோயிலென்றால் அதற்கேற்பக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் காலையில் மீந்திருக்கும் கேழ்வரகு, நெல், கோதுமையை மொட்டைமாடியில் தூவுங்கள். அந்த நாளில் பறவைகளுக்காக வழிகளில் தானியம் தூவ வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் தாராளமாகத் தீவனம் போட வேண்டும் என்று பிரான்சிஸ் அசிசியார் விரும்பினார். ஒரு கைப்பிடி போதும். மிஞ்சினால் எலி வரும்.

பிரித்த பிறகு

ஜனவரி 6ஐ அடுத்து வரும் திருமுழுக்கு ஞாயிறன்று குடிலைப் பிரிக்கும்போது எதுவும் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. புல் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. பூஞ்சணம் பிடித்த துண்டை மட்டும் எருக்குழியில் போடுங்கள். மலையை உடைத்துத் தண்ணீரில் போட்டால் களிமண் கரையும். சாக்கைப் பிரித்தெடுத்து, மண்ணை வடிகட்டிக் காயவைத்து மூட்டை கட்டலாம். தொட்டியில் சேர்ந்த தாள்களைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த வேலைக்கு வேண்டும்.

டிசம்பர் 12இல் விதைத்த நெல் ஜனவரி 6 அன்று 25 நாள் நாற்று, குறுகிய கால ரகங்களுக்கு நடவு வயது. நவரை எனும் நெல் பட்டமும் இதுவே. ஏ.டி.டி. 36 போன்ற 110 நாள் ரகமாக இருந்தால் ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி அறுவடை, அதாவது தவக்காலத்தின் முடிவுக்கோ உயிர்ப்புக் (ஈஸ்டர்) காலத்துக்கோ பக்கமாக. துளையில்லாத 15 லிட்டர் வாளியில் வயல்மண் 10 கிலோ, மக்கிய எரு 1 கிலோ போட்டுச் சேறாக்கி ஒரு நாள் விடுங்கள். புல்விரிப்பின் ஓரத்திலிருந்து தடித்த நாற்றுகளாகப் பார்த்து, வேரை அலசிப் பிரித்து, இரண்டிரண்டாக மூன்று இடத்தில் 3 செ.மீ. ஆழத்துக்குள் நடுங்கள். ஆழமாக நட்டால் தூர் கட்டாது. நாற்று நிமிர்ந்ததும் தண்ணீர் 2, 3 செ.மீ. நிற்கட்டும். தொட்டியில் இருந்த வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சேற்றின் மேல் தூவுங்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மேல்தண்ணீர் முழுக்க வற்றி, மண் வெறும் ஈரமாக ஒரு நாள் கிடந்த பிறகு மறுபடி ஊற்றுங்கள். கொசுப்புழு நிலைக்காது, வேருக்கும் காற்று கிடைக்கும்.

பால் பிடிக்கும் பருவத்தில் சிட்டுக்குருவிகள் கதிரைப் பிழிந்துவிடும். கொசுவலைத் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். கதிரில் ஐந்தில் நாலு பங்கு பழுத்ததும் தண்ணீரை வடித்து, ஒரு வாரம் கழித்து அறுக்கலாம். ஒரு வாளியில் ஒன்றிரண்டு கைப்பிடி நெல் கிடைக்கும். பாதியைக் கதிராகவே கட்டிக் காணிக்கைப் பவனியில் பீடத்துக்குக் கொடுங்கள். மீதியை மூன்று நாள் இளவெயிலில், பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையும்வரை காயவைத்து, வேப்பிலை போட்டு மூடிய டப்பாவில், ரகத்தின் பெயரும் அறுத்த தேதியும் எழுதி வையுங்கள்.